வலது பக்கத்து போல்ட்

சீனுவாசன் பொய் சொல்ல மாட்டான் என்று திண்டிவனத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பிரம்மதேசத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டு, டவுனில் உரக்கடை நடத்தி, இருபத்தாறு வருஷத்தில் சம்பாதித்த பெயர். அது நாசமாய்ப் போக. ஒரே ஒரு வார்த்தை பொய் சொன்னேன், அதுவும் பெற்ற மகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.

மகள் பெயர் கலைப்பிரியா. இருபத்திரண்டு வயது. காலேஜில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள், பிறகு விடவே இல்லை. வாரத்தில் நான்கு நாள் விழுப்புரம் ரைஃபிள் கிளப்புக்கு பஸ் ஏறிவிடுவாள். போன வருஷம் மாநில அணித் தேர்வில் நேரம் பத்தாமல் அவசரமாய்ச் சுட்டு, இரண்டே புள்ளியில் இடம் போனது. இந்த வருஷம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. "செலக்‌ஷன் முடியட்டும்பா, அப்புறம் கல்யாணப் பேச்சை எடுங்க" என்று சொல்லியிருந்தாள். நானும் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் பக்கம் காணையில் இருக்கிற வெங்கடாசலத்திடம் பேச்சை எடுத்தும் விட்டேன். தூரத்து உறவு, எனக்கு மச்சான் முறை. அவருக்கு நிலம் நீச்சு உண்டு, ஒரே பையன், அவனுக்குத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து பெண்ணும் பார்த்துப் போனார்கள்.

இதில் ஒரு சங்கதி. கலை பீச்சாங்கைக்காரி. சாப்பாடு, எழுத்து, விளக்கேற்றுவது என எல்லாவற்றையும் சின்ன வயதிலேயே அடித்து மிரட்டி வலது கைக்கு மாற்றிவிட்டேன். துப்பாக்கி மட்டும் என்னைக் கேட்காமல் இடது தோளுக்குப் போய்விட்டது. குறி பார்க்கிற கண்ணும் அவளுக்கு இடது கண்தானாம். "அதை மாத்த முடியாதுங்கய்யா, மாத்தவும் கூடாது" என்று கிளப்பில் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா மேடம் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அவர்தான் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கச் சொன்னதும். கிளப் துப்பாக்கிகளில் போல்ட் கைப்பிடி எல்லாம் வலது பக்கம் இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலிக் கூட்டைத் தள்ளி, அடுத்ததைப் போட்டு மூட வேண்டும். கலை குப்புறப் படுத்துச் சுடும்போது வலது கை துப்பாக்கியைத் தாங்கி வாரில் கட்டுண்டு கிடக்கும். இடது கையைத் துப்பாக்கிக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்து போல்ட்டை இழுப்பாள். ஒவ்வொரு தடவையும் படுத்த நிலை கலைந்துவிடும். "பிராக்டிஸுக்கு இது ஓடும், போட்டியில நேரம் பத்தாது. அரங்கநாதன் கடையில சொல்லி வச்சிருக்கேன், இடது பக்க போல்ட்டா பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டு, மேடம் வெளியூர் முகாமுக்கு இருபது நாள் போய்விட்டார்.

லைசென்ஸ் கலை பேரில் வந்ததும் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் வெங்கடாசலம் வந்து சேர்ந்துகொண்டார். அவர் வீட்டில் அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று உண்டாம், அந்த உரிமையில் வந்தார்.

கடையில் அவர் கை நீண்டது பெரிய ரைஃபிளுக்குத்தான். "இதை எடுங்க மாமா. மல்லாட்டைக் கொல்லியில பன்னி பூந்தா ஒரே வெடி."

கடைக்காரர் அரங்கநாதன் சிரித்தார். "அது வேட்டைக்குங்க. ஓடுற மிருகத்தை ஒரே அடியில சாய்க்கிறதுக்கு. தோள்ல உதைக்கும், குண்டும் பெருசு. வேட்டைதான் நம்ம பக்கம் கூடாதே. பாப்பாவுக்கு வேண்டியது பாயின்ட் டூ டூ, சின்னக் குண்டு. கனமா இருக்கும், ஆடாது, கன்னம் வைக்கிற கட்டையை ஏத்தி இறக்கிக்கலாம்."

நானும் விடவில்லை. "போட்டிக்குத்தான் மச்சான், பன்னிக்கு இல்ல" என்றேன். என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி எனக்கே ஒரு மிதப்பு.

அரங்கநாதன் இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். "ரெண்டும் ஒரே மாடல்தான். ஒண்ணு ரைட் ஹேண்ட், ஒண்ணு லெஃப்ட் ஹேண்ட். மேடம் சொன்னாங்கன்னு லெஃப்ட்டும் வரவழைச்சு வச்சிருக்கேன், யாருக்குன்னு சொல்லல. பாப்பா எந்தக் கை?"

வெங்கடாசலம் கலையைத் திரும்பிப் பார்த்தார். நான் திருதிருவென்று முழித்தேன். பெண் பார்க்க வந்த அன்று வலது கையால் காப்பி கொடுத்தவள். பீச்சாங்கை மருமகளா என்று காணையில் பேச்சு கிளம்பிவிட்டால்?

"வலது கைதாங்க" என்றேன்.

கலை என்னைப் பார்த்தாள். "பிடிச்சுப் பாரும்மா" என்று அரங்கநாதன் வலது பக்க போல்ட் துப்பாக்கியை நீட்டினார். வாங்கினாள், பழக்கத்தில் இடது தோளுக்குக் கொண்டுபோனாள். நான் கண்ணைக் காட்டினேன். பாதியில் நிறுத்தி வலது தோளுக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். அந்த மாற்றத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன். துப்பாக்கியின் நம்பரை அன்றைக்கே லைசென்ஸில் ஏற்றிவிட்டார்கள். மற்றதை அதே வாரம் வேறு யாரோ எடுத்துப் போனார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். "எழுதப் பழகலையா நீ? இதையும் பழகிக்கினு போ." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாள் வலது தோளில் சுட்டுப் பார்த்தாள், பாதிக் குண்டு குறியட்டையிலேயே படவில்லை. நான்காம் நாள் இடது தோளுக்கே மாறி, பழையபடி துப்பாக்கிக்கு மேலே கையை நீட்டினாள். மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். எனக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

தேர்வு நாளன்று வெங்கடாசலமும் வந்து நின்றார். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அறுபது குண்டு, ஐம்பது நிமிஷம். பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் சுட்டார்கள், இழுத்தார்கள், போட்டார்கள். கலை ஒவ்வொரு குண்டுக்கும் கையை எடுத்து, வளைந்து, இழுத்து, மறுபடியும் கன்னத்தைப் பொருத்தி மூச்சை நிதானப்படுத்தினாள். பட்டதெல்லாம் நடுவில்தான் பட்டது. நேரம்தான் ஓடியது.

"என்னா மாமா, பாப்பா பீச்சாங்கையா?" வெங்கடாசலம் என் காதோரம் கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக்காரியே பீச்சாங்கைதான். முறுக்கு சுத்துறது, அறுப்பு அறுக்கிறது எல்லாம் அதுலதான். இதுக்கா அன்னிக்குக் கடையில முழிச்சீங்க?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினார். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மணி அடித்தது. ஒன்பது குண்டுகள் சுடாமலே மிச்சம். சுடாத குண்டுக்குப் புள்ளி கிடையாது.

அன்று காலையில்தான் முகாமிலிருந்து வந்திருந்த ஜெசிந்தா மேடம் நேராகக் கலையிடம் போனார். துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இதை யாரு எடுத்தது? நான் இடதுன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

நான் நான்கடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நாந்தான் மேடம்" என்றாள் கலை. "கடையில மாத்திச் சொல்லிட்டேன்."

மேடம் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அஜாக்கிரதையாம், திமிராம், இனிமேல் கிளப் பக்கமே வராதேயாம். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு நின்றாள். மீசை வைத்துக்கொண்டு நானும்தான் நின்றேன்.

வெங்கடாசலம் என் தோளைத் தட்டினார். "பழியைத் தன் மேல ஏத்துக்கினு நிக்குது பாருங்க மாமா. இந்த மாதிரி பொண்ணுதான் எங்களுக்கு வேணும். தை மாசம் வச்சிக்கலாமா?"

அது கலையின் காதில் விழுந்தது. துப்பாக்கியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தவள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"செலக்‌ஷன் முடிஞ்சிடிச்சில்லப்பா, இனிமே என்னா. வச்சிக்கங்க" என்றாள்.

நான் வெங்கடாசலத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டினேன்.