நல்லெண்ணெயும் நடுக்கோடும்

மாரக்காளிடம் தலை வலிக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்காமல் விடமாட்டாள். தூக்கம் வரவில்லை என்றால் உச்சந்தலையில் ஒரு கரண்டி. பல் கூசினால் விடிந்ததும் ஒரு வாய் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டோடு காய்ச்சிக் கொடுக்க வேண்டும். நாமகிரிப்பேட்டையில் மோட்டார் வைத்த மரச்செக்கு ஓட்டுகிறவள் வேறு எதைச் சொல்வாள்? எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு அவள் ஆட்டுகிற எண்ணெயின் வாசம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வரும். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர், "எண்ணெயில பாதிதான் குணம்மா, மீதி நீங்க நீவி விடற கையில இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த டாக்டரிடம் அவள் போவதில்லை.

அவளுடைய ஒரே மகள் தனப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. கபடியில் ரைடர். வயசுக்கு வந்தபோது நாற்பது நாள் தினமும் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து, அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றி, மூக்கைப் பிடித்து வாயில் கவிழ்த்தவள் மாரக்காள். மகள் எதிரணிக்குள் பாய்ந்து ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம், "அந்தத் தொடை நான் ஆட்டுன எண்ணெய்ல வளந்ததாக்கும்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவாள். தினம் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியது நான்தானே என்று தனப்பிரியாவுக்குக் கோபம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் நோம்பித் திருவிழாவை ஒட்டி ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி. மாலை நான்கு மணிக்கு இறுதி ஆட்டம், ஆத்தூர் அணியோடு. மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போன வருசம் டைபாய்டு வந்து படுத்ததில் தனப்பிரியா அந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டாள். வயது வரம்புப்படி அவளுக்கு இந்த வருசம்தான் கடைசி. இன்று ஆடினால் உண்டு, இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் ஜூனியர் அணி கிடையாது.

காலையில் நடந்த அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் அவளுக்கு வலது ஆடுதசை பிடித்துக்கொண்டது. ஸ்பிரே அடித்தார்கள், ஐஸ் வைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சியாளர் நவநீதகிருஷ்ணன் மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அவளை ஒரு வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னார். மூன்று மணிக்கு மாரக்காள் உள்ளே போனாள்.

"ஏஞ்சாமி, எங்க நோவுது?"

"ஆடுதசைலம்மா. கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. ஊனவே முடியல."

"அவ்வளவுதான? இரு, வாரேன்."

பையில் எண்ணெய் இல்லாமல் மாரக்காள் எந்த ஊருக்கும் போனதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆட்டக்காரர்களுக்குச் சோறு பொங்குகிற கொட்டகையில் ஒரு கரண்டி எண்ணெயை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டாள். பொம்பளைகள் எண்ணெய் தேய்க்கச் செவ்வாயும் வெள்ளியும்தானே, இன்று ஞாயிறாயிற்றே என்று ஒரு கணம் யோசித்தாள். நோவுக்குத் தேய்ப்பதற்குக் கிழமை என்ன என்று தேற்றிக்கொண்டாள். ராகு காலம் நாலரைக்குத்தான் என்பதையும் சரிபார்த்துக்கொண்டாள். இத்தனையும் பார்த்தவள் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

"கால்ல மட்டும் தேய்ம்மா, போதும்" என்று சொல்லிவிட்டுத் தனப்பிரியா கண்ணை மூடினாள். இரண்டு நாள் அலுப்பு, அப்படியே தூங்கிப்போனாள். மாரக்காள் ஆடுதசையை மேலிருந்து கீழாக நீவினாள், குறுக்கே உருட்டினாள், கட்டைவிரலால் அழுத்தினாள். பத்து நிமிடத்தில் கல் இளகியது. எண்ணெய் இன்னும் மிச்சம் இருந்தது. அவள் கை நிற்கவில்லை. முழங்காலுக்கு ஏறியது, தொடைக்குப் போனது, முதுகுக்கு வந்தது, தோளுக்கும் கைகளுக்கும் இறங்கியது. புள்ளைக்கு எவ்வளவு சூடு உடம்பில் என்று அங்கலாய்த்துக்கொண்டே ஒரு இடம் விடாமல் தேய்த்துவிட்டாள்.

தனப்பிரியா எழுந்து காலை ஊன்றினாள். மறுபடி ஊன்றினாள். ஒரு குதி குதித்தாள்.

"அம்மா! நோவு போயிருச்சும்மா! சுத்தமா இல்ல!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்த நேரத்தில் நவநீதகிருஷ்ணன் உள்ளே வந்தார். தலைமுதல் கால்வரை பளபளவென்று நின்ற தன் அணியின் முதல் ரைடரைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா... என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நோவு உட்டுருச்சுங் சார்! வேணும்னா ஓடச் சொல்லிப் பாருங்க!"

"ஒடம்புல எண்ணெய் இருந்தா ஆட்டத்துல எறக்கவே மாட்டாங்கக்கா. நடுவர் கையில தடவிப் பாத்துத்தான் உடுவாங்க. எண்ணெய் இருந்தாப் புடி வழுக்குமல்லொ!"

மாரக்காள் தன் எண்ணெய்க் கைகளைப் பார்த்தாள். ஐந்து வருசமாக மகளின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறாள். ஆனால் எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை, ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் ஒருநாளும் ஒன்றாக வந்ததில்லை. அதனால் இப்படி ஒரு விதி இருப்பதே அவள் காதுக்கு எட்டவில்லை. நடுவர் தடவிப் பார்ப்பது நகத்துக்காக என்றே நினைத்திருந்தாள்.

தனப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். "நீ வராமயே இருந்திருக்கலாம்மா" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

மணி மூன்று இருபத்தைந்து. தோழிகள் துண்டால் துடைத்தார்கள், துண்டு நனைந்ததே தவிர பளபளப்பு போகவில்லை. சோப்பு போட்டார்கள். பள்ளிக்கூடத்து போர் தண்ணீர் ஒரே உப்பு, நுரைப்பேனா என்றது. எண்ணெயும் சோப்பும் சேர்ந்து முன்னைவிட அதிகமாக வழுக்கியது. ஒருத்தி மண்ணை அள்ளிப் பூசிவிடலாம் என்றாள். நவநீதகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரப்பு" என்றாள் மாரக்காள். எண்ணெய் முழுக்குக்குத் தேய்க்கிற இலைப்பொடி. பிறகு கத்தினாள். "அரப்பு இருந்தாப் போதுஞ் சார்! நான் வாரதுக்குள்ள இவள உள்ள எறக்கீராதீங்க!"

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு கடைவீதிக்குப் பறந்தாள். நோம்பிக் கூட்டம், பலூன்காரன், தேர் பார்க்க வந்த சனம் எல்லாரையும் ஹாரனிலேயே விலக்கினாள். வாரா வாரம் அவளிடம் எண்ணெய் வாங்குகிற அஜீஸுன்னிசாவின் நாட்டு மருந்துக் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வீடு மாடியில். கீழே நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

ஜன்னல் திறந்தது. "யாரு, மாரக்காளா? என்ன இந்நேரத்துல?"

"அரப்பு வேணுமுங்கக்கா! அவசரம்!"

"ஞாயித்துக்கெழம மூனரை மணிக்கு எவ எண்ண தேச்சு முழுகறா?"

"என்ற மக முழுகறாளுங்க! நாலு மணிக்கு அவளுக்கு பைனலு!"

அஜீஸுன்னிசா மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. இறங்கி வந்து ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, எடை போடாமல் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறியும் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு ஆளு தேச்சா முடியுமா? நானும் வாரேன், உடு வண்டிய!"

திரும்பி வரும்போது மணி மூன்று நாற்பது. அரப்பை வெறும் தண்ணீரில் கரைப்பதைவிட வடிகஞ்சியில் கரைத்தால்தான் எண்ணெயை வேரோடு எடுக்கும். சோற்றுக் கொட்டகையில் மாட்டுக்கு என்று எடுத்து வைத்த கஞ்சி ஒரு அண்டா நிறைய இருந்தது. மாரக்காள் யாரையும் கேட்கவில்லை. குடத்தில் மொண்டுகொண்டு ஓடினாள். அணிப் பெண்கள் குழாயடியைச் சுற்றிப் போர்வையைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். உள்ளே முதுகுக்கு அஜீஸுன்னிசா, காலுக்கு மாரக்காள். பச்சைக் குழம்பை அப்பி, தேய்த்து, கழுவி, மறுபடி அப்பினார்கள். கண்ணில் பட்டு எரிந்தது. தனப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஊற்றச் சொல்லி அஜீஸுன்னிசாவிடம்தான் கேட்டாள். மைக்கில் முதல் அழைப்பு வந்தது, இரண்டாம் அழைப்பும் வந்தது.

காதோரத்தில் பச்சை ஒட்டியிருக்க, ஈரத் தலையோடு அவள் மைதானத்துக்கு ஓடினாள். நடுவர் சௌந்தர்யா வரிசையாக ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தனப்பிரியாவின் கை, தோள், கழுத்து. குனிந்து ஆடுதசை. முழங்காலுக்குப் பின்புறம் அவள் விரல் நின்றது. இன்னொரு தரம் தடவினாள். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தாள்.

"ம், போ" என்றாள் நடுவர்.

அஜீஸுன்னிசா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே ராசிபுரத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. தனப்பிரியா கோட்டைத் தாண்டி உள்ளே போனாள், கால் பறந்தது, ஒருத்தியைத் தொட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் முறை போனபோது ஆத்தூர் கேப்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வழக்கமாக அந்தப் பிடியை வேர்வையில் ஒரு திருகு திருகி உருவிக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது திருகினாள், வரவில்லை. மறுபடி திருகினாள். கை பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. விசில், தனப்பிரியா அவுட்.

மாரக்காளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. அரப்பு போட்டுக் கழுவிய எண்ணெய்ச் சட்டி வழுக்காமல் கையோடு ஒட்டி நிற்குமே. வேர்வைக்குக்கூட இடமில்லாமல் மகளை அப்படிக் கழுவி அனுப்பியிருக்கிறாள். ஊரில் எந்தப் பெண்ணைவிடவும் இன்று பிடிப்பதற்குச் சுலபமானவள் தன் மகள்தான். எண்ணெய் தேய்த்ததும் தப்பு, எடுத்ததும் தப்பு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை தனப்பிரியா பிடிபட்டாள். முன்வரிசை மூன்று பேரில் ஒருவர் காகிதத்தில் எதையோ அடித்ததைப் பார்த்து மாரக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் மற்றப் பெண்கள் விடவில்லை. ஏறி, இறங்கி, ஏறி, கடைசியில் ஆத்தூர் இருபத்தெட்டு, நாமகிரிப்பேட்டை இருபத்தேழு. மிச்சம் ஒரே ஒரு ரைடு. நவநீதகிருஷ்ணன் தனப்பிரியாவைக் கை காட்டினார்.

"கபடி, கபடி, கபடி..."

இடது மூலையில் பாய்ந்தாள், கிடைக்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள். அந்தத் திருப்பத்தில் கேப்டன் விழுந்து அவள் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பற்றினாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள், மூன்றாமவள் முதுகில் ஏறினாள். நடுக்கோடு இரண்டு கை தூரத்தில் இருந்தது. தனப்பிரியா காலை உருவப் பார்த்தாள். நழுவாது. நழுவவே நழுவாது என்று மாரக்காளுக்குத் தெரியும்.

"உருவாத புள்ள!" என்று அவள் அலறினாள். "உருவாத! இழு! வலது காலு இருக்குதுல்ல, ஊனி இழு!"

கேட்டதோ இல்லையோ, தனப்பிரியா திருகுவதை நிறுத்தினாள். வலது காலைச் செம்மண்ணில் குத்தி ஊன்றினாள். மூன்று மணிக்குக் கல்லாய்க் கிடந்த அதே கால். ஆடுதசை புடைத்தது. மூன்று பேரையும் சேர்த்து ஒரு முழம் இழுத்தாள். மூச்சு வாங்கியது, கபடி மட்டும் நிற்கவில்லை. மறுபடி ஊன்றினாள், மறுபடி ஒரு முழம். தோலில் இருந்ததைத்தான் அரப்பு எடுத்தது. தசைக்குள் போனதை எடுக்க எந்த அரப்புக்கு முடியும்? மாரக்காள் தன் வலது காலையும் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள். தனப்பிரியா முன்னால் விழுந்து கையை நீட்டினாள். நடுவிரல் கோட்டைத் தொட்டது.

விசில்! பிடித்த மூன்று பேரும் அவுட், மூன்று புள்ளி. முப்பதுக்கு இருபத்தெட்டு!

மைதானமே எழுந்துவிட்டது. அஜீஸுன்னிசா மாரக்காளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். பெண்கள் தனப்பிரியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரக்காள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தனப்பிரியா தோளிலிருந்து இறங்கினாள். நொண்டிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"மறுக்காப் புடிச்சுக்கிச்சும்மா. தேய்."

மாரக்காள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்கப் போனவள் நிறுத்தி, நவநீதகிருஷ்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத் தேய்க்கலாமுங்களா சார்?"

"ஊத்துங்கக்கா" என்றார் அவர். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "பாட்டலோட ஊத்துங்க!"

அவள் நீவிக்கொண்டிருந்தபோது மைக்கில் மாநில அணிக்கு எடுத்தவர்களின் பெயரைப் படித்தார்கள். இரண்டாவதாக வந்த பெயர் நாமகிரிப்பேட்டை தனப்பிரியா. மகள் துள்ளி எழப் போனாள். மாரக்காள் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எங்க போற? இரு சாமி, இன்னும் பாதிக்காலு பாக்கி கெடக்குது."