முறிய வேண்டிய வாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எஃபி கில்லாண்டர்ஸின் பட்டறை வாசலில் ஏழு பேர் கில்ட் என்கிற கட்டம் போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை உடுத்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். தூறல், சேறு, முகத்தை மொய்க்கிற பொடிக்கொசு. அதற்கெல்லாம் அசருகிற கூட்டமா அது? மெக்காராக் குலச் சங்கத்தின் செயற்குழு, தான் சொல்லிவைத்த வாளைப் பார்வையிட வந்திருந்தது. சாதாரண உடையில் வாளோடு தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும், கில்ட் உடுத்தியிருந்தால் பாரம்பரியம் என்று விட்டுவிடும். அதனால் ஏழு பேருமே முன்ஜாக்கிரதையாக உடுத்தி வந்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் வாளை எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

எஃபிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷமாக வாள் அடிக்கிறாள். இந்த ஒரு வாளுக்கு மட்டும் பதினொரு மாதம் பிடித்தது. முதலில் அடித்த நாலு அலகுகளும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது விரிசல் விட்டன. ஐந்தாவது நின்றது. அமிலத்தில் நனைத்து எடுத்ததும் அலகு முழுக்க வரி வரியாக அலை ஓடியது, கடல் பின்வாங்கிய மணலைப் போல. கையை முழுதாக மூடிக்கொள்ளும் இரும்புக் கூடைப்பிடி, உள்ளே சிவப்புத் துணி, ஒவ்வொரு கம்பியிலும் இதய வடிவத் துளை. தன் கையால் இதுபோல இன்னொன்று வராது என்று எஃபிக்கே தெரியும். பெருமையில்தான் தெரியும், கொஞ்சம் பயத்திலும்.

ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். வாள் ஒவ்வொருவர் கையாகப் போனது. ஒவ்வொருவரும் ஒற்றைக் கண்ணை மூடி அலகு நெடுகப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்காதது போல ஒரு வீச்சு வீசி, வாயாலேயே "ஷூம்" என்று சத்தமும் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் தந்தார்கள். ஏழு பேர், ஏழு ஷூம்.

"பரவாயில்ல" என்றார் சங்கத் தலைவர் லாக்லன் மெக்காராக்.

அந்த ஊரில் 'பரவாயில்லை' என்றால் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டதற்குச் சமம். எஃபிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. லாக்லன் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அந்தக் கரையோரத்தில் பாதிப்பேரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், எஃபியுடையதையும் சேர்த்து.

"டர்க் எங்க?" என்று கேட்டாள் சங்கத்தின் செயலாளர் ஃபெனெல்லா ராட்ரே. முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவள். எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்காமல் விடமாட்டாள்.

டர்க் என்பது வாளுக்குத் துணையாக இடுப்பில் சொருகும் முழங்கை நீளக் குத்துவாள். "அதுக்கு எஃகு தனியா எடுத்து வெச்சிருக்கேன், மிஸ் ராட்ரே" என்றாள் எஃபி. "இந்த வாளுக்கு அடிச்ச அதே கட்டியில மிஞ்சின துண்டு. ஒரு மாசத்துல முடிச்சிடுவேன்."

ஃபெனெல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தாள். "'வாளும் அதற்கு இணையான டர்க்கும், பழைய முறைப்படி.' கையெழுத்து உன்னோடதுதான?"

"என்னோடதுதான்."

"பழைய முறை என்னன்னு போன வாரம் முழுக்க உக்காந்து படிச்சேன். அந்தக் காலத்துல டர்க்குக்குன்னு யாரும் தனியா எஃகு வெச்சிக்கல. வாள் முறிஞ்சா அந்தத் துண்டத் தேச்சு டர்க் ஆக்கிக்கிட்டாங்க. அப்ப இணையான டர்க்னா என்ன அர்த்தம்? இந்த வாள்லேர்ந்து வந்த டர்க்."

எஃபி கடைசி ஆள் கையிலிருந்த வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வாள உடைக்கணுங்கறீங்களா?" என்றான் எஃபியின் தம்பி சோர்லி. வாளுறைக்குத் தோல் தைப்பவன் அவன். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டான்.

"நான் சொல்லலப்பா. ஒப்பந்தம் சொல்லுது."

லாக்லன் தாடையைத் தடவினார். அவருக்கும் வாளின் மேல் ஆசைதான், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் முறை என்று ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் மனிதருக்கு நெஞ்சு விம்மிவிடும். "உடைச்சிடுவோம். டர்க் செஞ்சுக்கலாம். அப்புறம் எஃபி இன்னொரு வாள் அடிச்சுக் குடுப்பா."

"அந்த வாள் இந்த டர்க்குக்கு இணையாகாதே, டாக்டர்" என்றான் சோர்லி. "அதுக்கு இணை வேணும்னா அதையும்ல உடைக்கணும்."

செயற்குழு யோசித்தது. நியாயமான பேச்சுதான் என்று தலையாட்டியது. ஃபெனெல்லா குறிப்பேட்டில், 'இணை அமையும் வரை மேற்படி முறை தொடரும்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். சோர்லி தலையில் அடித்துக்கொண்டான்.

பதினொரு மாத உழைப்பை இரண்டு துண்டாக்கி, பெரிய துண்டைக் குப்பையில் போட்டு, அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். கையெழுத்தோ போட்டாகிவிட்டது. எதையாவது சொல்லித் தள்ளிப்போட வேண்டும் என்ற தவிப்பில் வாயைக் கொடுத்தாள்.

"பழைய முறைன்னா முழுசா பழைய முறையில செய்யணும். அந்தக் காலத்துல வாள மெஷின்ல வெச்சா அறுத்தாங்க? சண்டையில முறிஞ்சுது. சண்டையில முறியாத வாள்ல டர்க் செஞ்சா அது போலி."

அப்பாடா, இதோடு விட்டார்கள் என்று நினைத்தாள். பாவம், செயற்குழுவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஏழு முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"சனிக்கிழமை குலக்கூட்டம்" என்றார் லாக்லன். "எங்க பாட்டன் வாள எடுத்துட்டு வர்றேன். அதோட மோதி முறியட்டும்." ஃபெனெல்லா அதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தப் பாட்டன் வாளைத் தெரியாதவர் அந்தப் பக்கம் கிடையாது. லாக்லனின் வரவேற்பறையில் கணப்புக்கு மேல் தொங்கும். ஓரக்கண் யூவன் என்ற அவருடைய மூதாதை அந்தக் காலத்தில் ஆங்கிலேயரோடு நடந்த கலோடன் போரில் அதைச் சுழற்றி, தோற்று, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்று நாள் ஓடியதாகச் சொல்வார். பல் பிடுங்கும்போது அந்தக் கதையைச் சொல்லித்தான் நோயாளியின் கவனத்தைத் திருப்புவார். எஃபியின் கடைவாய்ப் பல் மூன்றாம் நாள் ஓட்டத்தில் பிடுங்கப்பட்டது.

அன்று மாலையே சோர்லி கேட்டான். "உன் வாள யாரு பிடிக்கறது? என்கிட்ட குடுக்கா. நான் வேணும்னே வழுக்கி விழுந்துடறேன்."

"ஒருத்தன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றாள் எஃபி. "நானே பிடிச்சுக்கறேன். போகறதுன்னா என் கையில போகட்டும்."

சனிக்கிழமை மைதானத்தில் இருநூறு பேர். பைப் வாத்தியம், தேநீர்க் கூடாரம், பொரித்த மீன் வாசனை. கனடாவிலிருந்துகூட மெக்காராக்குகள் வந்திருந்தார்கள். நடுவில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தது. ஃபெனெல்லா நடுவர். எஃபி வாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனதுக்குள் அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்துக்கோ, வளைஞ்சு கொடு, முறிஞ்சிடாத, உன்னை எவ்வளவு நிதானமா ஆறவெச்சேன், நினைச்சுப் பாரு. அறுபத்தொன்பது வயது பல் மருத்துவர் எதிரே பாட்டன் வாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"மெதுவா வாங்க, டாக்டர்" என்றாள் எஃபி.

"வாளப் பின்னால இழுக்கக் கூடாது, எஃபி" என்றாள் ஃபெனெல்லா. "முறியறதுக்கு ஒத்துழைக்கணும்."

முதல் வெட்டு விழுந்தது. எஃபியின் முழங்கை வரை அதிர்ந்தது. வாள் மணி அடித்தாற்போல் நீளமாக ஒலித்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ "பரவாயில்ல" என்றார்கள். இரண்டாவது வெட்டில் லாக்லனின் தொப்பி விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஓடிவந்தவரை ஃபெனெல்லா கயிற்றுக்கு வெளியே அனுப்பினாள். மூன்றாவது வெட்டுக்கு லாக்லன் குலத்தின் போர்முழக்கத்தைக் கத்திக்கொண்டே வந்தார். எஃபி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டப்பென்று ஒரு சத்தம். மரக்குச்சி ஒடிகிற சத்தம்.

எஃபிக்குக் கண்ணைத் திறக்கத் துணிவு வரவில்லை. முதலில் கட்டைவிரலால் அலகைத் தடவினாள். பிடியிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் இரும்பு வந்துகொண்டே இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தால், எதிரே லாக்லன் கூடைப்பிடியும் ஒரு சாண் இரும்புமாக நின்றார். மீதிப் பாட்டன் வாள் தேநீர்க் கூடாரத்தில், பிஸ்கட் தட்டின் நடுவே குத்தி நின்றது.

பைப் வாத்தியம்கூட நின்றுவிட்டது. லாக்லன் கையிலிருந்ததைப் பார்த்தார். வாய் கோணியது. அவ்வளவு பேர் முன்னால் பெரிய மனிதர் குழந்தை போலத் தேம்பி அழுதார். எஃபிக்கு மனசு கேட்கவில்லை. வாளைச் சோர்லியிடம் கொடுத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கலோடன்ல முறியாதது" என்றார் அவர். "என் கையில முறிஞ்சு போச்சே, எஃபி."

ஃபெனெல்லா குறிப்பேட்டைப் புரட்டி இரண்டு முறை படித்தாள். தொண்டையைச் செருமினாள். "'முறிந்த வாளிலிருந்து டர்க் செய்யப்படும்.' எந்த வாள்னு தீர்மானத்துல எழுதல. ஒரு வாள் சண்டையில முறிஞ்சிருக்கு. முறைப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு."

லாக்லன் மூக்கைச் சிந்தினார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் நெஞ்சு மறுபடி விம்ம ஆரம்பித்தது. "யூவனோட எஃகுல டர்க்" என்றார். "எஃபி, அது உன் கையில வரணும்."

எஃபியின் வாள் தப்பித்தது. ஒரு தழும்பு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதை மடியில் கிடத்திக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை பாட்டன் வாளின் துண்டை உலையில் போட்டார்கள். பழுத்ததும் வெளியே எடுத்தாள் எஃபி. ஒரு தட்டு தட்டினாள். இன்னொரு தட்டு. எண்ணெயில் முக்கி எடுத்து அரத்தை வைத்துப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அரம் இறங்கியது.

"இது எஃகே இல்லடா" என்றாள்.

சோர்லி இதற்குள் கூடைப்பிடியைக் கழற்றியிருந்தான். பிடிக்குள் ஒளிந்திருந்த வால்பகுதியைத் துணியால் துடைத்தான். எழுத்துகள் பொறித்திருந்தன. அவன் உரக்கப் படித்தான்: "'நாடக மேடைக்கு மட்டும். ஒன்றோடொன்று மோத வேண்டாம்.' கீழ 'பர்மிங்காம், இங்கிலாந்து'ன்னு போட்டிருக்கு."

எஃபி துணியை வாங்கித் தானும் ஒரு தடவை துடைத்துப் பார்த்தாள், எழுத்து மாறவில்லை.

"சொல்லிடுக்கா" என்றான் சோர்லி.

"எப்படிச் சொல்றது? அன்னைக்கு அழுததப் பாத்தியா?"

"அழட்டும். என் பல்லப் புடுங்கும்போது நானும்தான் அழுதேன். அந்த மூணு நாள் ஓட்டத்த எத்தன தடவ கேட்டிருப்போம்?"

"சொன்னா ஃபெனெல்லா மறுபடி அந்தப் புத்தகத்தத் திறப்பா. நாடக வாள் முறிஞ்சது கணக்குல வராதும்பா. மறுபடி என் வாளத் தூக்கிட்டு மைதானத்துக்குப் போகணும். இன்னொரு தடவ என் நெஞ்சு தாங்காது."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. எடுத்து வைத்திருந்த தன் எஃகுத் துண்டை உலையில் போட்டாள் எஃபி. வாளுக்குப் பிறந்த உடன்பிறப்பு அது. அடித்தாள், தேய்த்தாள், அமிலத்தில் நனைத்தாள். அதே அலை, அதே வரி. பிடிக்குக் கருத்த ஓக் மரத்தில் பின்னல் முடிச்சாகச் செதுக்கு வேலை. பாட்டன் வாளின் துண்டைச் சோர்லி உலையில் கரி கிளற வைத்துக்கொண்டான். அதற்கும் அது சரிப்பட்டு வரவில்லை, சூட்டில் வளைந்துபோனது.

அக்டோபரில் ஊர் மண்டபத்தில் விருந்து. ஆட்டிறைச்சி, மசித்த டர்னிப் கிழங்கு, விஸ்கி. எஃபியையும் சோர்லியையும் முதல் மேசையில் உட்கார வைத்தார்கள். லாக்லன் மேடையேறினார். ஒரு கையில் வாள், ஒரு கையில் டர்க். விளக்கு வெளிச்சத்தில் இரண்டிலும் அலை ஓடியது.

"இந்த டர்க்கப் பாருங்க" என்றார். குரல் உடைந்தது. "எங்க யூவனோட எஃகு. முந்நூறு வருஷமா இந்த வரியெல்லாம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. எஃபி வெளிய கொண்டுவந்துட்டா."

மண்டபமே கைதட்டியது. மூதாதையின் எஃகு ஒவ்வொருவர் கையாகக் கீழே போனது. ஒவ்வொருவரும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் எவனுக்கு இப்படி அடிக்க வருகிறது என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஃபி தட்டிலிருந்த டர்னிப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பாராட்டை அவள் கேட்டதில்லை. அதில் ஒரு சொல்கூட அவளுக்கு இல்லை.

"இப்ப இந்த வாளப் பாருங்க" என்று லாக்லன் மற்றக் கையைத் தூக்கினார். "அதே வரி. யூவனோட எஃகப் பாத்து எவ்வளவு அழகா காப்பியடிச்சிருக்கா பாருங்க."

"வாள்தான முதல்ல செஞ்சது, லாக்லன்?" என்றாள் ஃபெனெல்லா.

"அதான் அதிசயம். பாக்காமலே காப்பியடிச்சிருக்கா." அவர் எஃபியின் பக்கம் திரும்பினார். கண்ணில் அத்தனை அன்பு. "பரவாயில்ல எஃபி, நல்லாத்தான் அடிச்சிருக்க. இருந்தாலும் உத்துப் பாத்தா தெரிஞ்சுடும். அசல் அசல்தான். இல்லையா?"

மேசைக்கடியில் சோர்லி அவள் காலை மிதித்தான். உண்மை எஃபியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். அவள் லாக்லனின் கையிலிருந்த வாளைப் பார்த்தாள். பிடியிலிருந்து நுனி வரை, முழுசாக, நேராக இருந்தது.

"ஆமா, டாக்டர்" என்றாள். "அசல் அசல்தான்."