முதலும் கடைசியும் சரி

பிளேயர் மூன்றாவது முறையும் டிவிடியை வெளியே தள்ளியபோது என் மனைவி பதறவில்லை. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "என்னங்க, டிஸ்க் போயிடுச்சு போல. நீங்க எடுத்து வச்சதைப் போடுங்க" என்றாள். நான்தான் நான்காவது முறையாக அதை உள்ளே தள்ளிப் பார்த்தேன்.

அந்த டிவிடியில் இருப்பது எங்கள் பாப்பாவின் பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில் அவளுக்கு இடது செருப்பு வேடம். வலது செருப்பாக நடிக்கவேண்டிய பெண் அன்று வரவில்லை. ஒற்றைச் செருப்பாக மேடையில் நின்ற என் மகள், எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டுத் தானாக ஏதோ பேசிச் சமாளித்திருக்கிறாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான்கே மாதத்தில் மூளைக்காய்ச்சலில் பாப்பா போய்விட்டாள். ஏழு வயது. எங்கள் கைப்பேசிகளுக்கு அப்போது பேச மட்டும்தான் தெரியும். வீடியோ எடுத்தவரும் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். பாப்பாவின் குரல் இந்த ஒரு தட்டில்தான் இருந்தது.

மதியம் சாப்பாடு ஆனதும் என் மனைவி தினமும் அதைப் போட்டுப் பார்ப்பாள். நான் வீட்டில் இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். ஒருநாள் படம் லேசாகத் திக்கியதும் பயந்துபோய், "இதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்றாள். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்குப் பட்டப்பெயர் பாஸ்வேர்டு. எங்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் எங்களைவிட அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அவரிடம் கேட்டேன். "படத்தை மட்டும் தனியா எடுக்காதீங்க சார். டிஸ்க்கையே அச்சு அசலா ஒரே ஃபைலா எடுத்துடுங்க. இமேஜ்னு சொல்வாங்க. கம்ப்யூட்டருக்குள்ள இல்லாத ஒரு டிரைவை உண்டாக்கி அதுல இதைப் போட்டா, நிஜ டிஸ்க்தான்னு அது நம்பிடும்" என்றார். இல்லாததை இருக்கிறது என்று நம்புவது கம்ப்யூட்டருக்கு எவ்வளவு சுலபம் என்று பொறாமையாக இருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படியே நகலெடுத்தேன். பாதிக்கு மேல் ஓடியதும் அது நின்று, இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை, தாண்டிப் போகவா என்று கேட்டது. போ என்றேன். ஏழெட்டு முறை கேட்டது, ஏழெட்டு முறையும் போ என்றேன். பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வதுதான் என் வேலை. இருநூறு பக்கக் கோப்பில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்து, சரி என்று டிக் போடுவோம். இருபது வருடப் பழக்கம். இங்கேயும் வரவேற்புரையைப் பார்த்தேன், நன்றியுரையைப் பார்த்தேன். நடுவில் பாப்பா இருந்தாள். பார்க்கத் தைரியம் வரவில்லை. "பாத்துட்டேன், பத்திரமா இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அதுவரை டிஸ்க்கை விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்தவள், "இனிமே பயப்படாம தொடலாம்ல?" என்றாள். அன்றிலிருந்து போடும் முன்பும் எடுத்த பின்பும் புடவைத் தலைப்பால் அதை வட்டவட்டமாகத் துடைப்பாள், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைத்தால் டிஸ்க் போய்விடும் என்று பாஸ்வேர்டு சொன்னபோது காலம் கடந்திருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

இப்போது கம்ப்யூட்டர் முன்னால் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இமேஜைத் திறந்ததும் இல்லாத டிரைவ் ஒன்று திரையில் முளைத்தது. வரவேற்புரை, கூட்டு நடனம், நாடகம். கழுத்தில் அட்டைச் செருப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பாப்பா நடந்து வந்தாள். வாய் திறந்தாள். படம் அப்படியே உறைந்தது, பச்சைக் கட்டங்கள் முகத்தை மூடின, பிறகு ஒரே தாவல். கைதட்டல். மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் அதேதான்.

"அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னீங்களே."

"முதலும் கடைசியும் பாத்தேன்."

"நடுவுல?"

"முடியலம்மா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம், எனக்கு அது தேவையாக இருந்தது. "அப்போ பாப்பா பேசினதை நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "நான் மட்டும் தினமும் கேட்டிருக்கேன்" என்றாள். பங்கு வைக்காமல் தானே தின்றுவிட்டவள்போல அவள் முகம் சுருங்கியது.

மவுஸை என் கையிலிருந்து வாங்கிப் படத்தைப் பின்னால் இழுத்தாள். பாப்பா மறுபடி நடந்து வந்து வாய் திறந்து உறைந்தாள். "இங்கதான் ஆரம்பிப்பா" என்றவள், திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தைக் குரல் அவளுக்கு வரவில்லை, வரவழைக்கவும் முயலவில்லை.

"நான் இடது செருப்பு. என் ஜோடிக்கு இன்னிக்குக் காய்ச்சல். அதனால நீங்க எல்லாரும் நொண்டி அடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போங்க…"

அதற்குள் படம் தாவிவிட்டது. அரங்கம் கைதட்டத் தொடங்கியது. அவளுக்கு இன்னும் இரண்டு வரி இருந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "யாரும் கவலைப்படாதீங்க, ஊசி போட்டிருக்கு, நாளைக்கு வந்துடுவா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.