தோணாக் கரைக் காணி

பின்னேர அஸர் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் உதுமாலெவ்வை சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் குசினிப் பக்கமாக வந்தான். அவன் பின்வாசலால் வந்தபோதே செய்தி நல்லதில்லை என்று ஸம்ஸியாவுக்கு விளங்கிவிட்டது. நல்ல செய்தி கொண்டுவருகிற நாட்களில் தம்பிக்காரன் பெல் அடித்துக்கொண்டு முன்வாசலால்தான் வருவான்.

"ராத்தா, கிறவல் மண் இண்டைக்கே வருது" என்றான்.

நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். "தேர்தல் முடிஞ்ச மறுகா கொண்டுவரச் சொல்லித்தானே உனக்கிட்டச் சொன்ன நான்?"

"நான் என்ன செய்யிற? உழவு மிசின் செல்லத்தம்பிக்கு ஆமிக்காரங்க இண்டைக்கு மட்டுந்தான் பாஸ் குடுத்திரிக்காங்க. மறுகா எப்ப கிடைக்குமெண்டு அவனுக்கே தெரியா. மிசின் பெட்டியில ஏத்திப்போட்டுச் சொல்லியனுப்பியிரிக்கான். இப்ப காரைதீவுச் சந்தி தாண்டியிருப்பான்."

"இண்டைக்குத் தோணாக் கரையில உன்ட மச்சான்ட தேர்தல் கூட்டம் இரிக்கி, தெரியுமா?"

"தெரியும்" என்றான் உதுமாலெவ்வை. தெரிந்துதான் பின்வாசலால் வந்திருக்கிறான்.

ஸம்ஸியாவின் கணவர் ஜெமீல் மாஸ்டர் ஓய்வு பெற்ற பூமிசாத்திர வாத்தியார். பிள்ளைகளுக்கு உலகத்து ஆறுகளையெல்லாம் கீறிக் காட்டிவிட்டுக் கடைசியில் தன் ஊர்த் தோணாவில் வந்து நின்றவர். தோணா என்பது ஊரின் நடுவால் நெளிந்து கடலைப் பார்த்துப் போகிற நீண்ட நீர்க்கிடங்கு. மாரியில் ஊர்த் தண்ணீர் முழுவதும் அதில்தான் வடியும், கோடையில் பன் புல் முளைத்துக் கிடக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறவல் போட்டு நிரப்பி ஊரார் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் பிரதேச சபைத் தேர்தலில் நின்ற மாஸ்டரின் திட்டம். மற்ற வேட்பாளர்கள் பஸ் நிலையம் கட்டுவோம், கடைத்தொகுதி கட்டுவோம் என்று கதைக்க, இவர் கலண்டர்த் தாளின் பின்புறத்தில் ஊரைக் கீறி வைத்துக்கொண்டு, தோணாவைத் தோண்டி விடுவோம், சந்தைக் குப்பையை அதில் கொட்டாமல் பார்ப்போம், கரை நெடுக மருதை மரம் நடுவோம் என்று கதைத்தார். அவருடைய சுயேச்சைக் குழுவுக்குக் கிடைத்த சின்னம் கேத்தல். "மாஸ்டர், தேத்தண்ணி கொதிச்சிட்டா?" என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு அவர்களுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டு வருவார். ஊரில் அவரைப் பிடிக்காதவர் யாருமில்லை. அவர் சொல்வதைக் கேட்பவரும் யாருமில்லை.

பிழை ஊரிலும் இல்லை. கலவரத்துக்குப் பிறகு மேற்கே இருந்த வயலுக்கும் காணிக்கும் ஒருவராலும் போக முடியவில்லை. அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இந்தக் கடலோரத் துண்டுக்குள்தான் முடங்கினார்கள். பெண்பிள்ளை பிறந்தால் வீடு கொடுக்க வேண்டும். கல்யாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். ஆகவே எத்தனை பெண்களோ அத்தனை துண்டாக வளவுகள் பிரிந்தன. சில வளவுகளில் கிணற்றுக்கு நடுவாலேயே வேலி போய், அக்கா இந்தப் பக்கமும் தங்கச்சி அந்தப் பக்கமும் நின்று தண்ணீர் அள்ளினார்கள்.

ஸம்ஸியாவுக்கும் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது மகளின் வீட்டில் பின்னறையில் தாயும் தகப்பனும் இளையவள் றுஸ்தாவும் ஒதுங்கியிருக்கிறார்கள். றுஸ்தாவுக்கென்று மிஞ்சியது ஸம்ஸியாவின் உம்மா வழியில் அவளுக்கு வந்த தோணாக் கரைக் காணிதான். காணி என்றுதான் பெயர், பாதி தண்ணீர்.

மாஸ்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஊர் அகலத்துக்கு இடமில்லை, உயரத்துக்கு இடமிருக்கிறது என்பது அவர் கொள்கை. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு. மருதமுனையிலிருந்து பெண் கேட்டு வந்த ஆயிஷா உம்மாவிடம் தான் கீறிய அந்த மாடிவீட்டுப் படத்தையும் எடுத்துக் காட்டினார். ஆயிஷா உம்மா படத்தைப் பார்த்தாள், வெற்றிலையை மடித்தாள்.

"மாஸ்டர், உங்கட படம் வடிவாத்தான் இரிக்கி. ஆனா கிணறெங்க? மண்ணில கால்படாத வீட்டுக்கு என்ட மகன் றிஸ்கான் எப்பிடி மாப்பிள்ளையா வாற? நோன்புப் பெருநாளைக்கு முதல் காணிய மேடாக்கிக் காட்டுங்க. காட்டேலாட்டியும் பரவாயில்ல, சொல்லிப்போடுங்க. எங்களுக்கு வேற இடமும் கேட்டு வந்திரிக்கி."

மாஸ்டர் படத்தைச் சுருட்டினார். "கொஞ்சம் பொறு புள்ள, மேட்டுக்காணி ஒண்டுக்கு மாத்தலாம்" என்று அன்றிரவு ஸம்ஸியாவிடம் சொன்னார். பாதித் தண்ணீரை வாங்கிக்கொண்டு மேட்டைக் கொடுக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? அதனால்தான் அவள் தம்பியிடம் கிறவலுக்குச் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்ற பயமில்லை. தடுக்கமாட்டார். மறுநாள் கேத்தல் படங்களைக் கட்டி மூலையில் வைத்துவிடுவார். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியாது. அவர் கதைக்க வேண்டியதைக் கதைத்து முடிக்கட்டும், வெல்லட்டும் அல்லது தோற்கட்டும், அதன் பிறகு கிறவல் வரட்டும் என்று இருந்தாள்.

"ஊர்ச் சந்தியில போய் நிண்டு அவன நிப்பாட்டு. நோன்பு திறக்குமட்டும் எங்கயாவது நிக்கச் சொல்லு" என்று தம்பியைத் துரத்தினாள். சைக்கிள் போன பிறகும் மனம் ஆறவில்லை. தேங்காயை அப்படியே போட்டுவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். றுஸ்தா பின்னாலேயே வந்தாள். வாப்பாவின் துண்டுப்பிரசுரங்களைக் கையால் எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

"உம்மா, வாப்பாக்குத் தெரியாதா?"

"நீ பேசாம வா."

தெரு முழுக்க ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டியிருந்தன. மின்கம்பத்துக்கு மின்கம்பம் மாஸ்டருடைய குரல் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. "நம்மட மூத்தவங்க தோணாவ ஏன் விட்டுவெச்சாங்க? அவங்களுக்குக் காணி தேவைப்படல்லியா? அவங்களுக்குப் புள்ளைகள் இல்லியா? இது பழைய ஊர். இன்னும் நூறு வருசத்துக்கும் இருக்கணுமெண்டா இந்தத் தண்ணிக்கு ஒரு இடம் விடணும்." எந்த வீட்டைக் கடந்தாலும் அதே குரல். ஸம்ஸியாவுக்கு நல்லாத்தான் கதைக்கிறார் என்று பெருமையாகவும் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனிசனின் வாயை நானே அடைக்கப் போகிறேன் என்று நடுக்கமாகவும் இருந்தது. யா அல்லாஹ், அந்த மிசின் சில்லுக்குக் காத்துப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.

கரையில் பாய்கள் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் கூட்டம் நினைத்ததைவிடக் கூட. பெண்கள் ஒரு வேலியோரமாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் ஆயிஷா உம்மாவைக் கண்டதும் ஸம்ஸியா வேலியின் இந்தத் தொங்கலிலேயே நின்றுகொண்டாள். சம்பந்தியாகப் போகிறவர் என்ன கதைக்கிறார் என்று கேட்க வந்திருக்கிறாள். மேடைக்குப் பக்கத்தில், எல்லைக்கு நாலு கட்டை நட்டபடி, பன் மண்டிக் கிடந்தது அந்தக் காணி.

அவள் பிரதான வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உழவு மிசின் வந்ததோ கடற்கரைப் பாதையால். ஊர்ச் சந்தியில் ராணுவம் மறித்துச் சோதிக்கிறது என்று செல்லத்தம்பி பாதையை மாற்றிவிட்டான், உதுமாலெவ்வை அங்கேயே காத்து நின்றிருப்பான். காரைதீவுக்காரன், இந்த ஊர்க் கூட்டம் எதற்கென்று அவனுக்கு என்ன தெரியும்? பெட்டி நிறையச் சிவந்த கிறவலோடு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரைச்சலுக்கு மேலாகக் கேட்டான்.

"ஜெமீல் மாஸ்டர்ர காணி இதுதானே?"

அது மைக்கிலும் விழுந்தது. பாயில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். மாஸ்டர் கிறவலைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், வேலியோரத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது என்று ஸம்ஸியாவுக்குத் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இது என்ட காணி இல்ல தம்பி" என்றார் மைக்கில், மெதுவாக. "என்ட பொஞ்சாதிட காணி. அவட்டக் கேளுங்க."

பொய்யில்லை. அந்த ஊரில் எந்த ஆம்பிளைக்கும் தான் படுக்கிற வீடு சொந்தமில்லை. ஆனாலும் ஸம்ஸியாவுக்கு நெஞ்சு கொதித்தது. காணி உன்னுடையது என்று இத்தனை காலமும் ஒருவரும் அவளிடம் வந்து ஒன்றும் கேட்டதில்லை. தகப்பன் பார்த்தார், தம்பி பார்த்தான், உறுதிப் பத்திரம் அலுமாரியில் கிடந்தது. இன்றைக்கு, ஊர் முழுக்கக் கேட்கிற மைக்கில், சுமக்க முடியாத நேரத்தில் எடுத்து அவள் தலையில் வைக்கிறார். வேண்டாம் என்று அவரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போடு என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

செல்லத்தம்பி இறங்கி அவளிடம் வந்தான். "அக்கா, கொட்டுறதா, திருப்புறதா? பொழுது பட முதல் நான் செக்பொயின்ற் தாண்டணும். திருப்பினா இனி எப்ப வருவனெண்டு சொல்லேலா."

அவள் றுஸ்தாவைத் திரும்பிப் பார்த்தாள். றுஸ்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் உம்மா என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. ஆயிஷா உம்மா முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"கொட்டுங்க தம்பி" என்றாள் ஸம்ஸியா.

பெட்டி பின்னால் சரிந்தது. மேடைக்கு அவ்வளவு பக்கம், மைக்கை நிறுத்தவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிறவல் தண்ணீரில் சரிந்து விழுகிற சத்தம் சந்தையிலும் பள்ளியடியிலும் கடற்கரையிலும் ஒரே நேரத்தில் கேட்டது. மாஸ்டர் மைக்கைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார்.

சத்தம் ஓய்ந்ததும் யாராவது ஏசுவார்கள் என்று ஸம்ஸியா காத்திருந்தாள். ஒருவரும் ஏசவில்லை. முன்பாயிலிருந்து ஒருவர் எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு செல்லத்தம்பியிடம் போனார். "தம்பி, மறுகாப் பாஸ் கிடைச்சா எனக்கும் ஒரு பெட்டி போடேலுமா? நானும் அந்தக் கரைத் தொங்கல்ல ஒரு துண்டு வெச்சிரிக்கன்." அவருக்குக் கல்யாணம் முடிக்காத மூன்று குமர். பிறகு இன்னொருவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் உழவு மிசினைச் சுற்றி நின்றவர்களால் சாரதியையே காணவில்லை. அவர்களில் பாதிப்பேர் சட்டையில் கேத்தல் படம் குத்தியிருந்தார்கள்.

ஆயிஷா உம்மா வந்து ஸம்ஸியாவின் கையைப் பிடித்தாள். என்னவோ சொன்னாள், நல்லதாகத்தான் இருக்கும். ஸம்ஸியாவின் காதில் விழவில்லை. அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜெமீல் மாஸ்டர் தனியே நின்றார். கொட்டிய கிறவல் தள்ளிவிட்ட தண்ணீர் பன்னுக்கூடாக அலையலையாக வந்து கரையேறி, அவருக்கு முன்னால் ஆளில்லாமல் கிடந்த முதல் பாயின் ஓரத்தை மெல்ல நனைத்துக்கொண்டிருந்தது.