தலையாட்டினால் போதாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. சுருக்கச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். லேசர், ரேடார் எல்லாம் முதலெழுத்துகள் கூடி ஒரே சொல்லாகிவிட்டவை. ஐ.சி.யு., ஈ.சி.ஜி. போன்றவற்றை எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். கி.மீ. மூன்றாவது ரகம், எழுதுவது சுருக்கம், வாசிப்பது முழுசாகக் கிலோமீட்டர். (இதற்கு மேல் போனால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். எனக்கே வந்துவிட்டது.)

உதாரணம் கேட்டு அண்ணியிடம் போனேன். அண்ணி ஐ.சி.யு.வில் டாக்டர். அவர் உதாரணமாகச் சொன்ன சம்பவம்தான் இப்படிக் கதையாகிவிட்டது.

2

‘கதவுக்கு உள்ளே எழுத்துகள் பறந்துகொண்டிரு...’ வேண்டாம். எழுத்து எங்கே பறக்கிறது?

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐ.சி.யு. கதவுக்கு உள்ளே எல்லாம் எழுத்து, அங்கே அவசரம். கதவைத் தாண்டி வீட்டாரிடம் வந்தால் முழு வார்த்தை. ஒரு நாள் மட்டும், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு பெரியவரின் மனைவியிடம் கதவைப் பிடித்தபடியே கேட்டுவிட்டார்: “டி.என்.ஆர்.னு வச்சுக்கலாமாம்மா?”

“நீங்க சொன்னா சரிங்க டாக்டர்” என்று அந்த அம்மா தலையாட்டினார்.

3

முதல் வரைவில் அந்த அம்மாவை ஒன்றும் தெரியாதவராக எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுத் திட்டினார். “தையல் கடை வச்சு நடத்தறவங்க அவங்க. தெரியாதது நான் சொன்ன மூணு எழுத்து மட்டும்தான்.” திருத்திவிட்டேன்.

உள்ளே போன அண்ணிக்கு வேலை ஓடவில்லை. சம்மதம் கிடைத்தாயிற்று, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நான் கேட்ட விதம் தப்பும்மா. நீங்க சொன்ன ‘சரி’யை நான் எடுத்துக்கல. அவர் இதயம் நின்னா, நெஞ்சை அமுக்கி, தொண்டையில குழாய் விட்டு, திரும்ப ஓட வைக்கப் பாக்கலாம். இப்போ அவர் இருக்கற நிலையில அது ஓடறது சந்தேகம்தான். இல்லேன்னா அதெல்லாம் பண்ணாம, வலி தெரியாம பாத்துக்கிட்டு, நீங்க பக்கத்துல இருக்க, அமைதியா போக விடலாம். இந்த ரெண்டாவதைத்தான் டி.என்.ஆர்.னு கேட்டேன்.”

அந்த அம்மா வெகுநேரம் அழுதார். “கொஞ்சம் யோசிக்கலாமா?”

“யோசிங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்.”

வாங்கிய சம்மதத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? என் அண்ணி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

4

‘விட்டுடுங்க டாக்டர்’ என்று ஒரு முடிவு எழுதினேன். ‘முயற்சி பண்ணுங்க’ என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். என்ன பதில் வந்தது என்று அண்ணி இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கேள்வி இப்போது முழுசாக உங்கள் முன்னால் இருக்கிறது. உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவரை அந்தக் கட்டிலில் நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே அண்ணி உட்கார்ந்திருக்கிறார், அவசரமில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் எடுத்துக்கொள்ளமாட்டார்.