ஏசி நின்ற அன்று விரிந்த பட்டை

எனக்கு முன்னால் இந்த ஆய்வகத்தில் இருந்த அக்கா, ஐந்து வருடம் பழ ஈ முட்டைகளோடு மல்லுக்கட்டி ஒரே ஒரு விஷயத்தைக் காட்டினார். கருவில் ஒரு மரபணு நடுவில் மட்டும் பட்டையாக வேலை செய்கிறது. மற்ற இடங்களில் ஒரு புரதம் அதை அடக்கி வைக்கிறது. அந்தப் புரதம் கெட்டால் பட்டை தறிகெட்டு உடம்பெங்கும் பரவும். அந்தக் கட்டுரையால்தான் அவருக்கு வேலையே கிடைத்தது.

அதே சோதனையை நான் எட்டு முறை செய்தும் பட்டை இம்மிகூட விரியவில்லை.

"வெள்ளிக்கிழமை அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்குறேன்னு பத்திரிகைக்கு எழுதிடுவேன்," என்றார் பேராசிரியர். "அவகிட்ட நீயே சொல்லிடு." சொல்வதற்கு நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்தார்.

ஒன்பதாவது முறை முட்டை எடுத்த அன்று ஏசி நின்றுபோனது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். மெக்கானிக், பேராசிரியர், ஈக்கள் என்று ஒருத்தர் விடாமல் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, வியர்க்க விறுவிறுக்க முட்டைகளைப் பொறுக்கினேன்.

வியாழக்கிழமை நுண்ணோக்கியில் பார்த்தால், மரபணு வேலை செய்யும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் கரு முழுக்கப் பரவியிருந்தது. சாயம்தான் சொதப்பிவிட்டதோ என்று, அதே சாயம் போட்ட சாதாரண ஈக்களின் கருக்களைப் பார்த்தேன். அவற்றில் பட்டை ஒழுங்காக நடுவில் இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் சோதனை ஈக்களில் இருக்கும் அந்தப் புரதம் சூட்டில் மட்டும்தான் கெடும். சூடான பெட்டியில் முட்டையிட வைத்துவிட்டு, பட்டை உருவாகிற அந்த இரண்டு மணி நேரமும் நான் ஏசிக்குக் கீழே சாவகாசமாகப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். குளிரில் புரதம் தேறி, தன் வேலையைப் பார்த்துவிட்டது. இந்தப் புத்திக்கு எட்டு முறை.

பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, உங்க காலத்துல இந்த ரூம்ல ஏசி இருந்துச்சா?"

"ஏசியா? ஃபேனே ஒழுங்கா ஓடாது. ஏன் கேக்குற?"

சொன்னேன்.

"வாபஸ் வாங்கப் போறாங்கன்னு போன வாரமே காதுல விழுந்துச்சு," என்றார் அக்கா. "பழைய நோட்டு எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். ஆசையில இல்லாதத நானே பாத்துட்டேனோன்னு நெனைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"இல்லக்கா. பட்டை விரியுது. இப்ப என் கண்ணு முன்னாடி இருக்கு."

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

சொன்னேன்.