மேல் வழி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கடலோர நகரத்தின் மாவட்ட மருத்துவமனையில் அவள் இறந்தாள். வயது அறுபத்தாறு. அவள் ஓட்டிவந்த சைக்கிள் மருத்துவமனை வாசலில் பூட்டியபடி நின்றது.

அந்தப் பூட்டோடுதான் அவள் கணவர் விசிறிக்காரர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி கையில் இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு நடையில் நிற்கும் சைக்கிள். அவர் அதை ஒருநாளும் பூட்டியதுமில்லை, திறந்ததுமில்லை.

“குடுங்கப்பா,” என்று மகள் வாங்கினாள். சாவியைப் பாதி திருப்பி, பூட்டின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். திறந்துகொண்டது. “அம்மா வச்சிருந்த பொருள் எதுவும் சும்மா திறக்காது.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார்.

கடலுக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவே மலை. மலையின் வயிற்றில் சுரங்கப்பாதை. அதற்குள் காற்று ஓட வைக்கும் ராட்சச விசிறிகளை ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டவர் அவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, விசிறிக்காரர் என்றால் போதும். அவருடைய மனைவி ஒரே ஒரு தடவைகூட அந்தச் சுரங்கத்துக்குள் போனதில்லை. போகவேண்டியிருந்தால் மேல் வழி. பழைய கணவாய்ச் சாலையில் சைக்கிள் மிதிப்பாள். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவாள். தங்கை கல்யாணத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போக, அவள் மட்டும் நல்ல உடுப்பைப் பையில் மடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து, மண்டபத்துக் குளியலறையில் மாற்றிக்கொண்டு, மணப்பெண்ணுக்கு முன்னால் மேடை ஏறினாள். கடலோரச் சந்தையில் அவளுக்குக் ‘கணவாய் அம்மா’ என்றே பெயர். புதிதாக வந்த மீன்காரர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டு, அவளுக்குக் கணவாய் மீன்தான் வேண்டும் என்று நினைத்து இரண்டை எடுத்துக் காட்டியதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“என் விசிறிய நம்பாத ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்,” என்று வேலை செய்யும் இடத்தில் அவர் குறைப்பட்டுக்கொள்வார். கேட்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

ஏன் உள்ளே வருவதில்லை என்று அவளிடமும் கேட்டிருக்கிறார். “உங்க டனல்ல என்னங்க தெரியும்? நீங்க மாட்டுன லைட்டு தெரியும். மேல போனா கடல் தெரியுது,” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அமரர் வண்டி வந்து நின்றபோது அவருடைய போன் அடித்தது. சுரங்கத்தின் இப்போதைய சூப்பர்வைசர். இவரிடம் வேலை பழகியவர்.

“அண்ணே, கேள்விப்பட்டோம். மனசு கேக்கல. நீங்க டனலுக்கு வாங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம். ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்திடறோம். உள்ள இருக்கற அத்தன லைட்டும் எரியும். அண்ணிய மட்டும் தனியா அனுப்பறோம். மந்திரி வந்தப்பகூட இது பண்ணலண்ணே.”

அத்தனை விளக்குகளும் ஒன்றாக எரிந்து விசிறிக்காரர் பார்த்தது திறப்பு விழா அன்று மட்டும்தான். அன்றும் அவள் வரவில்லை. “வரேன்ப்பா,” என்றார்.

அவளோடு சைக்கிள் மிதிக்கும் மூன்று பேர் காலையிலேயே வந்திருந்தார்கள்: பல் டாக்டரம்மா பஸ்ஸில், தபால்காரரும் பேக்கரிக்காரரும் சைக்கிளில். ஞாயிற்றுக்கிழமை கணவாய் இறங்கிவந்து, கடலைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சாய்ந்தது பல் டாக்டரம்மாவின் தோளில்தான். அவள் சைக்கிளை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்து பூட்டியவர் தபால்காரர்.

பெட்டியை ஏற்றியதும் வண்டி டிரைவர் கேட்டார்: “சார், சைக்கிள எங்க வைக்கிறது? உள்ள இடமில்லயே.”

“நீங்க கிளம்புங்க,” என்றார் பல் டாக்டரம்மா. “அக்கா சைக்கிள நான் ஓட்டிட்டு வரேன். மேல வழியா.” பிறகு குரலை இறக்கி, விசிறிக்காரரிடம் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்குள்ள ஒரு பழக்கம். ஏறி இறங்குனா அது பாதிதான். வந்த வழியே திரும்புனாத்தான் தாண்டுனதா அர்த்தம். அக்கா போட்ட சட்டம். சைக்கிளாவது திரும்பட்டும்.”

அவர் வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அப்பா, நேரமாகுது. ஊர்ல எல்லாரும் காத்திருக்காங்க,” என்றாள் மகள்.

“சைக்கிள் மேல, ஆளு கீழயா?” என்றார் அவர்.

மகள் அவரைப் பார்த்தாள். “அங்க அவங்க உங்களுக்காக அவ்வளவு ஏற்பாடு பண்ணியிருக்காங்கப்பா.”

“எனக்காகத்தான்,” என்றார். போனை எடுத்து சூப்பர்வைசரை அழைத்தார். “தம்பி, லைட்டு வேணாம். நாங்க மேல வழியா வரோம்.”

“சரிண்ணே,” என்றார் சூப்பர்வைசர்.

“கோச்சுக்காத. வேற ஒண்ணு கேக்கறேன். உச்சியில காத்துப்போக்கிகிட்ட போனதும் கூப்பிடறேன். விசிறிய நிறுத்துவியா?”

“விசிறி நின்னா உள்ள ஒரு வண்டி இருக்கக் கூடாதேண்ணே. வாசல மூடணுமே.”

“தெரியும்டா. அந்த விதிய எழுதுனதே நான்தான்.”

மூன்று சைக்கிள்கள் முன்னால் போக, வண்டி பின்னால் ஊர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் முனகியது. கீழே கடல் ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் அகன்றது. பேக்கரிக்காரர் இறங்கித் தள்ளினார், பிறகு தபால்காரர். பல் டாக்டரம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

“இதுலயா சார் அம்மா சைக்கிள் ஓட்டுனாங்க?” என்றார் டிரைவர். “எனக்கு ரெண்டாவது கியர்லயே இழுக்கல.”

“அவ சைக்கிளுக்குக் கியரே கிடையாது,” என்றார் விசிறிக்காரர். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வளைவில், டிரைவர் கேட்காமலே, இன்னொரு முறை சொன்னார்: “ஒரே பல்சக்கரம்தான். அதுலயே தான்.”

உச்சியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே சாலை சற்றுத் தூரம் சமமாக ஓடியது. சைக்கிள்கள் நின்றன.

“இங்க அக்கா எப்பவும் இறங்கிடுவாங்க,” என்றார் பல் டாக்டரம்மா, மூச்சு வாங்கியபடி. “மிதிக்க முடியும், ஆனா மிதிக்க மாட்டாங்க. உச்சியில உக்காந்துக்கிட்டுப் போறது மலைக்கு மரியாதை இல்லம்பாங்க.”

டிரைவர் பின்கதவைத் திறந்தார். விசிறிக்காரரும் பல் டாக்டரம்மாவும் முன்னால் பிடிக்க, தபால்காரரும் பேக்கரிக்காரரும் பின்னால் பிடித்தார்கள். மகள் அம்மாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தாள். காற்று ஆளைத் தள்ளியது. பெட்டி அவர் நினைத்ததைவிடக் கனமில்லை.

இரண்டாவது பாறைக்குப் பக்கத்தில் சிமெண்டில் கட்டிய வட்டச்சுவர் ஒன்று இடுப்பு உயரத்துக்கு நின்றது. மேலே இரும்புக் கம்பிவலை. சுரங்கத்தின் புகையும் சூடும் வெளியேறும் காற்றுப்போக்கி. உள்ளிருந்து ஓயாத இரைச்சல். கட்டிய காலத்தில் ஜீப்பில் வந்து பார்த்தது. அதன் பிறகு அவர் வந்ததில்லை. கடலைப் பார்த்த பக்கத்தில் சுவரின் ஓர் இடம் மட்டும் பாசி இல்லாமல், வழவழவென்று இருந்தது.

“இங்கதான் சாஞ்சு உக்காருவாங்க,” என்றார் தபால்காரர். “கதகதன்னு இருக்கும். ‘எங்க வீட்டுக்காரர் எனக்குன்னு போட்ட அடுப்பு’ம்பாங்க. எங்கள உக்கார விடமாட்டாங்க.”

பெட்டியை அங்கே இறக்கினார்கள். விசிறிக்காரர் வழவழப்பான இடத்தில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

வேலையில் இருந்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “ஏங்க, மேல இருந்து மணியடிச்சேனே, கேட்டுச்சா?” “கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்பார். அந்த விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்துபவன் குரலே கேட்காது.

போனை எடுத்தார். “தம்பி, எங்க நிக்கற?”

“காத்துப்போக்கிக்கு நேர் கீழண்ணே. வாசல மூடியாச்சு. உள்ள ஒரு வண்டி இல்ல.”

“நிறுத்து.”

இரைச்சல் உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முனகலாகி, ஓய்ந்தது. காற்றும், வெகுதூரத்தில் கடலும் மட்டும் கேட்டன.

மகள் சைக்கிளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் கைப்பிடியில் இருந்த மணியை அடித்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“கேக்குதாடா?” என்றார் போனில்.

மகள் மூன்றாவது தடவையும் மணியை அடித்தாள்.

“கேக்குதுண்ணே,” என்றார் சூப்பர்வைசர். “கேக்குது, கேக்குது.”

விசிறிக்காரர் போனைச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து, பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார்.

“தூக்குங்க,” என்றார். “இனி இறக்கம்தான்.”

மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில், சுரங்கப்பாதையில் செவ்வாய்க்கிழமை நண்பகல் சிறிது நேரம் போக்குவரத்து நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. காரணம் விசிறிப் பராமரிப்பு என்று போட்டிருந்தார்கள்.